பூனைக்குத் தள்ளுவண்டி வாங்கலாமா?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த சகோதரர் ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். நீங்க சிரிக்கக் கூடாது" என்று பீடிகை போட்டுவிட்டுக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டி போல ஒன்று. சுற்றிலும் வலை, மேலே ஜிப். உள்ளே ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

"உம்மாவோட பூனைக்கு இதை வாங்கலாமா? வீண்விரயத்துல சேருமா? வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாமும் சிரித்துவிட்டோம்.

அவர் சிரிக்கவில்லை. நிதானமாக விவரத்தைச் சொன்னார். உம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஒன்பது ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் பூனை. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பைக் மோதிப் பின்னங்கால் முறிந்துவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டுப் பிரிக்கவும் காயம் பார்க்கவும் மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கிறது. வீடு இருப்பது ஆட்டோ நுழையாத சந்து. "அடுத்த வாரம் நான் கிளம்பிருவேன் ஹஜ்ரத். பூனையையும் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் உம்மாவால நடக்க முடியாது. அதான் கேட்டேன்."

நம் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் அவருடைய உம்மாவின் முழங்கால் மட்டுமல்ல, நம் வீட்டில் நடந்த ஒரு சம்பவமும்தான்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. மாட்டாஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது, இதற்கென்று ஒரு பெட்டி எதற்கு என்று நினைத்தோம். ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை ஒன்றில் பூனையை இறக்கி, வாயைச் சணலால் கட்டி, மகனின் மடியில் கொடுத்து பைக்கில் கிளம்பினோம்.

பாவூர்சத்திரத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி – தென்காசி நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது. காமராஜர் காய்கறிச் சந்தைக்கு வரும் லாரிகளும், அங்கிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிகளும், தென்காசிப் பேருந்துகளும் அந்த ஒரே சாலையில்தான். ஒரு லாரி பக்கத்தில் வந்து ஏர்ஹாரன் அடித்தது. பைக்குள் இருந்த பூனை பயத்தில் பிறாண்டித் துணியைக் கிழித்தது. மகனின் மணிக்கட்டை ஆழமாகக் கீறிவிட்டு வெளியே பாய்ந்தது. நாம் வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்ப்பதற்குள் லாரிகளுக்கு இடையில் புகுந்து மறைந்துவிட்டது.

மகனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச்சென்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உரிய நாட்களில் தவறாமல் போட்டோம். அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனை திரும்பவில்லை. மூன்று நாட்கள் சந்தைப் பக்கம் தேடினோம். இன்றுவரை அது கிடைக்கவில்லை.

மதரஸாவில் ஓதிய நாளிலிருந்து, ஒரு பூனையை அடைத்துவைத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அன்று பையின் வாயைச் சணலால் கட்டியபோது அந்த ஹதீஸ் நம் நினைவுக்கு வரவில்லை.

அடைத்தவரே பொறுப்பாளர்

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற அந்த ஹதீஸின் கருத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் பூனையைக் கட்டிவைத்தாள். அதற்குத் தானும் உணவு கொடுக்கவில்லை, பூமியில் உள்ளதைத் தேடித் தின்னும்படி அவிழ்த்துவிடவும் இல்லை. பூனை வளர்த்தது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. அதன் வழியை அடைத்துவிட்டு, அடைத்ததால் வந்த பொறுப்பைக் கைவிட்டதுதான் குற்றம்.

தெருவில் திரியும் பூனைக்கு நிழல் வேண்டுமென்றால் தானே நிழலுக்குப் போகும். பயந்தால் ஓடும், தாகம் எடுத்தால் தண்ணீரைத் தேடும். பையின் வாயைக் கட்டிய கணத்தில், பெட்டியின் கதவைச் சாத்திய கணத்தில், வண்டியின் ஜிப்பை இழுத்த கணத்தில் அந்த வேலைகள் எல்லாம் நம் தலைக்கு வந்துவிடுகின்றன. அதற்கு நிழலும் காற்றும் தண்ணீரும் பயமற்ற இடமும் தர வேண்டியவர்கள் இனி நாம்தான். தள்ளுவண்டியானாலும் கட்டைப்பையானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்தவர்கள். 'கவாயிதுல் அஹ்காம்' என்ற தம் நூலில் மனிதன் மீது விலங்குகளுக்கு உள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ அந்த விலங்கால் இனி ஒரு பயனும் இல்லை என்றாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. காலொடிந்த கிழட்டுப் பூனைக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஏறத்தாழ 760 ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதப்பட்டுவிட்டது.

நாட்டின் சட்டமும் இதைத் தொட்டுச் செல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவில், தேவையற்ற வேதனை தரும்படி ஒரு விலங்கை வாகனத்தில் கொண்டுசெல்வதையும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும் குற்றமாக்குகிறது. முதல்முறைக் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அல்லாஹ்விடம் கணக்குக் கொடுக்கப் போகும் நமக்கு அந்தச் சிறு தொகை ஆறுதலாக இருக்க முடியாது.

வீண்விரயமா?

தள்ளுவண்டியின் கதையே வேடிக்கையானது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்பவர் வடிவமைத்த வண்டியைத்தான் குழந்தை வண்டிகளின் முன்னோடி என்பார்கள். ஆடோ சிறு குதிரையோ இழுக்கும்படி அது செய்யப்பட்டது. அன்று மனிதக் குழந்தையை விலங்கு இழுத்தது. இன்று விலங்கை மனிதன் தள்ளுகிறான். தென் கொரியாவின் ஜிமார்க்கெட் என்ற இணைய அங்காடியில் 2023-ஆம் ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களில் விற்ற தள்ளுவண்டிகளில் 57 விழுக்காடு செல்லப்பிராணிகளுக்கானவை, குழந்தைகளுக்கானவை 43 விழுக்காடுதான் என்று செய்தி வந்தது. பிள்ளைப்பேறு குறைந்துவரும் அந்த நாட்டில் இது பெரிய விவாதமானது.

நம் தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில், வீவக அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க நீண்ட காலம் அனுமதி இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று விதி மாறியது. அங்கிருக்கும் சொந்தங்கள் அனுப்பும் படங்களில் பூனை வண்டியும் வருகிறது. அதைப் பார்த்து இங்கே நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

வீண்விரயம் செய்யாதீர்கள் என்று அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான் (7:31). ஆனால் பொருளின் விலையை மட்டும் வைத்து எது விரயம் என்று சொல்லிவிட முடியாது. தேவையையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் படித்திருப்போம். பற்றிப் படரக் கொம்பில்லாத கொடிக்குக் கொடுத்ததால்தான் அந்தக் கதை இன்றும் பேசப்படுகிறது. கொம்பு இருந்த கொடிக்குக் கொடுத்திருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரையே பாருங்கள். 'பூனைக்குட்டிக்காரர்' என்ற பொருளில் வந்த பட்டப்பெயர் அது. ஆடு மேய்த்த காலத்தில் தம்மிடம் ஒரு பூனைக்குட்டி இருந்ததாகவும், இரவில் அதை ஒரு மரத்தில் விட்டுவைத்து, பகலில் கூடவே கொண்டுபோனதாகவும் அவர்களே சொன்ன செய்தி திர்மிதீயில் உள்ளது. பூனையைத் தம்முடன் கொண்டுசெல்வது அவர்களுக்கு வெட்கமாக இருக்கவில்லை. அதற்காக அவர்கள் தங்க ஊஞ்சல் செய்யவும் இல்லை.

யாருக்கு வண்டி, யாருக்குப் பெட்டி?

பெரும்பாலான வீடுகளுக்குத் தள்ளுவண்டி தேவையில்லை. பூனை தன் இடத்தை விட்டு வெளியே உலாப் போக ஆசைப்படும் பிராணி அல்ல. பழகாத தெரு, ஹாரன், நாய்க் குரைப்பு எல்லாம் அதற்கு அச்சம்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மருத்துவரிடம் கொண்டுசெல்ல நல்ல கேரியர் பெட்டி ஒன்று போதும். கெட்டியான பிளாஸ்டிக், பக்கங்களில் காற்றுத் துளைகள், முன்னால் கம்பிக் கதவு, முடிந்தால் மேல்பாதியைத் தனியே கழற்றும் வசதி, இவை இருந்தால் சரி. மேல்பாதியைக் கழற்ற முடிந்தால் பூனையை இழுத்து வெளியே எடுக்காமல், அது உட்கார்ந்த இடத்திலேயே மருத்துவர் பார்த்துவிடுவார்.

பெட்டி வாங்கவும் வசதி இல்லையா? நம் சந்தையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் ட்ரே இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் காற்றோட்டமான கூண்டு கிடைக்கும். அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்தால் போதும். பாதம் சிக்கும் அளவுக்கு ஓட்டை பெரிதாக இருந்தால் உட்புறம் துணி சுற்றிக்கொள்ளுங்கள். குட்டிப் பூனைக்கு இது ஆகாது, நுழைந்து வெளியே வந்துவிடும். சாக்கு, கட்டைப்பை, பாலிதீன் பை இந்த மூன்றும் எந்தப் பூனைக்கும் வேண்டாம்.

தள்ளுவண்டி உண்மையாகவே பயன்படுவது சிலருக்குத்தான். அறுவை சிகிச்சை செய்த, கால் முடியாத, வயதான பிராணி உள்ள வீடு. அடிக்கடி மருத்துவரிடம் போக வேண்டிய வீடு. தூக்கிச் சுமக்க முடியாத முதியவர்களோ, கர்ப்பிணிகளோ, முதுகுவலிக்காரர்களோ பிராணியைக் கவனிக்கும் வீடு. வளர்ந்த பூனை ஒன்று மூன்று முதல் ஐந்து கிலோ வரை இருக்கும், பெட்டியின் எடை தனி. இளைஞனுக்கு அது ஒரு பொருட்டல்ல. எழுபது வயது உம்மாவுக்கு அது மலை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. அளவு. பிராணி உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். விமானத்தில் பிராணிகளை ஏற்றும் பெட்டிக்கும் உலகெங்கும் இதுதான் அடிப்படை விதி. மூக்கிலிருந்து வாலின் அடி வரை நீளத்தையும், நிற்கும்போது தலை வரை உயரத்தையும் நாடாவால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இணையத்தில் வாங்கினால் வண்டியின் வெளி அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம், உள் அளவைப் பாருங்கள்.

2. தாங்கும் எடை. பிராணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறி அந்த எடையைக் கழித்தால் அதன் எடை கிடைத்துவிடும். வண்டி அதைவிடத் தாராளமாக அதிகம் தாங்குவதாக இருக்க வேண்டும்.

3. சக்கரம். பளபளப்பான மால் தரைக்குச் செய்த சிறிய கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் நம் தெருக்களுக்கு உதவாது. பேவர் கல் இடுக்கிலும் வாறுகால் மூடியின் விளிம்பிலும் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு குலுக்கலும் முறிந்த காலுக்கு வலி. பெரிய ரப்பர் சக்கரமோ காற்றடைத்த சக்கரமோ பாருங்கள். மூன்று சக்கர வண்டி எளிதில் திரும்பும், நான்கு சக்கர வண்டி கவிழாமல் நிற்கும். முதியவர் தள்ளுவதென்றால் நான்கு சக்கரமே நல்லது.

4. பிரேக். பின்சக்கரம் இரண்டுக்கும் காலால் மிதிக்கும் பிரேக் இருக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியில் எப்படி வீசும் என்பதைக் கீழப்பாவூர், சுரண்டைப் பக்கம் சுழலும் காற்றாலைகளே சொல்லும். பிரேக் இல்லாத இலேசான வண்டியை அந்தக் காற்றே சாலைக்குத் தள்ளிவிடும். எடை வைத்து, சரிவில் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

5. வலையும் ஜிப்பும். நகத்தால் கிழியாத அழுத்தமான வலை வேண்டும், குறைந்தது இரண்டு பக்கமாவது காற்று ஊடுருவ வேண்டும். ஜிப்பை மூக்கால் தள்ளித் திறக்கப் பூனைகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஜிப்பின் முனையில் கொக்கி உள்ளதா என்று பாருங்கள்.

6. உள்பட்டை. வண்டிக்குள் பிராணியை இணைக்க ஒரு சிறு பட்டை தருவார்கள். அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது, பாய்ந்தால் கழுத்து நெரியும். ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டும்.

7. தரை. அடிப்பலகை தொய்யாமல் கெட்டியாக இருக்க வேண்டும். விரிப்பைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். பயத்தில் சிறுநீர் கழித்துவிடும் என்பதால் இரண்டு விரிப்புகள் வைத்துக்கொள்ளுங்கள்.

8. பிரியும் கூடை. மேலே உள்ள கூடையைத் தனியே கழற்றிப் பெட்டியாகப் பயன்படுத்தும் வண்டிகள் உண்டு. நம் ஊர்ப் பயணத்துக்கு இதுவே பொருத்தம். சந்து முனை வரை தள்ளிப்போய், கூடையை மட்டும் ஆட்டோவில் வைத்து, வண்டியை மடித்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். ஓடும் வாகனத்துக்குள் வண்டியோடு நிறுத்தி வைக்கவே கூடாது, பிரேக் போட்டால் உருண்டு கவிழும். காரில் முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் கூடையை வைப்பது பாதுகாப்பு.

வீட்டில் கிடக்கும் பழைய குழந்தை வண்டியைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். அதற்கு வலையும் மூடியும் இல்லை. ஒரு ஹாரன் சத்தம் போதும், பிராணி குதித்துவிடும். நம் கட்டைப்பைக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

நாய் வளர்ப்பவர்களுக்கு

தோப்புக்கும் வயலுக்கும் ஆட்டுக்கிடைக்கும் காவல் நாய் வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளுக்காக நாய் வைத்துக்கொள்ள ஹதீஸில் அனுமதி உள்ளது. அந்தத் தேவை இல்லாமல் வைத்திருப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற எச்சரிக்கையும் உள்ளது. ஆகவே ஆசைக்காக ஒரு நாயை வாங்கி, அதற்கு அழகான வண்டியும் வாங்கி வீதியில் தள்ளிச் செல்வதை நாம் ஊக்குவிக்க முடியாது.

ஆனால் உங்கள் தோப்பைக் காத்த நாய் நோயில் விழுந்தால் அதை வைத்தியத்துக்குக் கொண்டுபோவது உங்கள் கடமை. தாகத்தில் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டுவந்த மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற நபிமொழியை மறக்கக் கூடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு நாய்கள் உயரமானவை. கடையில் விற்கும் சாதாரண வண்டிகளுக்குள் அவை அடங்காது. லோடு ஆட்டோவில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, ஒருவர் பக்கத்தில் அமர்ந்து போவதே சரி. நடக்கத் தெம்புள்ள நாயை வண்டியில் அடைப்பது அதற்கு நன்மை அல்ல, நடைதான் அதன் ஆரோக்கியம். எழுந்திருக்க முடியாத ஆடு, மாடு என்றால் 1962 என்ற இலவச எண்ணை அழைத்தால் கால்நடைத் துறையின் நடமாடும் மருத்துவ வாகனம் வரும்.

சுத்தம் பற்றிய கேள்வியும் வரும். பூனை அசுத்தமானதல்ல. தாம் உளூச் செய்யவிருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது அபூகத்தாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியப்போடு பார்த்த மருமகள் கப்ஷா (ரஹ்) அவர்களிடம், பூனை நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று, அது அசுத்தமல்ல என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். பூனை வாய்வைத்த தண்ணீரை ஹனஃபீ மத்ஹபில் மக்ரூஹ் தன்ஸீஹ் என்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த வெறுப்பும் இல்லை. ஆடையில் ஒட்டும் பூனை முடி சிறிதளவானால் ஷாஃபிஈ மத்ஹபிலும் மன்னிக்கப்படும். ஆனால் அதன் சிறுநீர் நஜீஸ், பட்ட ஆடையைக் கழுவிவிட்டே தொழ வேண்டும்.

நாயின் உமிழ்நீர் இரு மத்ஹபுகளிலும் நஜீஸ். ஷாஃபிஈ மத்ஹபில் ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். ஆகவே நாய்க்குப் பயன்படுத்திய விரிப்பையும் கூடையையும் தனியே வையுங்கள். பிறகு அதையே பூனைக்கோ குழந்தைக்கோ எடுக்க வேண்டாம்.

முதல் பயணத்துக்கு முன்

வண்டி வந்த அன்றே பூனையைத் திணித்துக் கிளம்பிவிடாதீர்கள். நான்கைந்து நாட்கள் வண்டியைத் திறந்தபடி வீட்டின் ஒரு மூலையில் பிரேக் போட்டு நிறுத்துங்கள். அது படுத்துப் பழகிய துணியை உள்ளே போடுங்கள், சாப்பாட்டை அதில் வையுங்கள். தானாக ஏறி இறங்கட்டும். பிறகு மூடி ஐந்து நிமிடம் முற்றத்துக்குள் தள்ளிப் பாருங்கள். அடம்பிடித்த ஒட்டகத்தை அங்கும் இங்கும் விரட்டிய ஆயிஷா (ரலி) அவர்களிடம் மென்மையைக் கடைப்பிடிக்கச் சொன்ன மார்க்கம் இது. அந்த மென்மை பூனைக்கும் உரியது.

மருத்துவமனையில் காத்திருக்கும்போது கூடையைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வைத்து, மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். நாய்களைக் கண்ணால் பார்க்காத பூனை பாதி அமைதியாகிவிடும்.

வெயில்தான் பெரிய ஆபத்து. மழைக்கென்று கொடுக்கும் பிளாஸ்டிக் உறையை வெயிலில் போட்டால் உள்ளே அடுப்புதான். நாய் மூச்சிரைத்து உடல் சூட்டைத் தணிக்கும். பூனை வாயைத் திறந்து இரைத்தால் அது ஆபத்தின் அறிகுறி, உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் காற்றும் தண்ணீரும் கொடுத்து மருத்துவரிடம் விரைய வேண்டும். பல வீடுகளில் ஆசையாக வளர்க்கும் பெர்ஷியன் பூனைக்கும், பக் நாய்க்கும் முகம் தட்டை, சுவாசப்பாதை குறுகல், அதனால் சூடு சீக்கிரம் தாக்கும். காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ கிளம்புங்கள். பாவூர்சத்திரத்திலிருந்து திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றால் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். வழியில் ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போகும்போது பூனையையும் வண்டியில் வைத்துக் கூட்டிப்போகலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். பேரருவியின் இரைச்சல், கூட்டம், வழுக்கும் கல்தரை, கையிலிருப்பதைப் பறிக்கும் குரங்குகள், இவற்றின் நடுவே வலைக்குள் அடைபட்ட ஒரு பூனைக்கு அது உல்லாசம் அல்ல. நாம் குளித்து மகிழும் ஒரு மணி நேரம் அது நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த வண்டியில் பூனை இருப்பது நம் கைபேசிப் படத்துக்காக மட்டும்தான். அந்தப் பயணத்துக்காக வாங்கும் வண்டிதான் வீண்விரயம்.

எத்தனை கவனமாக இருந்தாலும் கீறலோ கடியோ ஏற்பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். வெறிநோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். வந்துவிட்டால் மருந்தில்லை. பிராணிக்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் ஊசியும் போட்டுவிடுங்கள்.

அந்தச் சகோதரருக்குச் சொன்ன பதில்

"வாங்குங்க" என்றோம். "உம்மாவுக்கு அது தேவை. பூனைக்கும் தேவை. விரயம் இல்லை. ஆனா விலையையும் கலரையும் பார்க்காம சக்கரத்தையும் பிரேக்கையும் பாருங்க. கூடை தனியா கழன்று வர்ற மாதிரி வாங்குங்க. நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி உம்மாவையே நாலு தடவை தள்ளச் சொல்லிப் பழக்கிட்டுப் போங்க."

நாம் சிரித்ததற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம்.

சில வாரங்கள் கழித்து அந்தச் சந்து வழியே போனபோது உம்மா எதிரே வண்டியைத் தள்ளி வந்தார்கள். பேத்தி பக்கத்தில் மடிப்புக்கம்பியைப் பிடித்தபடி நடந்தாள். முன்சக்கரம் வாறுகால் மூடியில் ஒருமுறை சிக்கியது. உம்மா பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி எடுத்துத் தாண்டிவிட்டார்கள். ஜிப்பின் முனையில் கொக்கிக்குப் பதிலாக ஓர் ஊக்கு மாட்டியிருந்தது. "தொறக்கப் படிச்சிருச்சு ஹஜ்ரத், அதான் ஊக்கு குத்திட்டேன்" என்றார்கள். வலைக்குப் பின்னால் பூனை பழைய சேலைத் துணியில் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஆட்டோ சந்து முனையில் நின்றது.

நம் வீட்டுக்கு இப்போது வேறொரு பூனை வந்திருக்கிறது. அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி திறந்தபடி கிடக்கிறது, அது அதில்தான் தூங்குகிறது. கட்டைப்பைகள் காய்கறி வாங்க மட்டும்தான்.

பூமியில் நடப்பனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் தன் வேதத்தில் நமக்கு அறிவிக்கிறான் (6:38). அவற்றில் சிலவற்றை நாம் வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறோம். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் உள்ள உயிர்களைப் பற்றி நாளை நம்மிடம் கேள்வி உண்டு. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.